பெரியப்பாவின் டாட்சன் கிள்ளான் வந்து சேர்ந்த கதை

கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே கூட்டரசு நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போய்வரும் வாசகர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மழை பெய்து ஓய்ந்த மாலை நேரம். அவசரப் பாதையில் ஒரு கார் மூடியைத் திறந்துகொண்டு பரிதாபமாக நிற்கும். எங்கிருந்து மோப்பம் பிடித்ததோ, ஒரு இழுவை லோரி வந்து அதன் முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். பஸ்ஸில் இருக்கும் நாம் 'ஐயோ பாவம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறந்துபோவோம். நம் வீட்டு வண்டிக்கு அது நேரும்வரை, தூக்குவது முன்பக்கமா பின்பக்கமா என்றுகூட நாம் கவனிப்பதில்லை. நானும் கவனித்ததில்லை. கவனிக்காததற்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் பெரியப்பா சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் லோரிக்கு ஆள் ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு அதே லோரியை ஓட்டுகிறவராக உயர்ந்தவர். 1991-ல் ஐம்பத்தைந்து வயதில் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. வீடு கட்டு, மகளுக்கு நகை போடு என்று ஊரே யோசனை சொன்னது. அவர் ஒருவரையும் கேட்காமல் ஒரு பழைய டாட்சன் பிக்கப்பை வாங்கிக்கொண்டு வந்து லயத்து வாசலில் நிறுத்தினார். 620 என்ற ரகம், 1970-களில் வந்தது. தோட்டங்களிலும் பாசார்களிலும் அந்தக் காலத்தில் அதைப் பார்க்காத நாள் இருக்காது. பெரியம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லையாம். நான்காம் நாள் அதே வண்டியில் ஏறி ஈப்போவுக்குச் சேலை எடுக்கப் போனாராம். அந்த வண்டியில் அவர் காய்கறி ஏற்றினார், மாட்டுக்குப் புல் ஏற்றினார், தைப்பூசத்துக்கு எங்களையெல்லாம் ஏற்றினார். தோட்டத்துக் கோயில் அம்மனும் அதில்தான் ஊர்வலம் வந்தாள்.

2012-ல் பெரியப்பா காலமானார். வண்டி தகரக் கொட்டகைக்குள் ஐந்து வருடம் நின்றது. பழைய இரும்பு வாங்குகிற ஆள் எண்ணூறு வெள்ளி தருவதாகச் சொல்லி இரண்டு தடவை வந்தார். பெரியம்மா இரண்டு தடவையும் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

இந்தப் பக்கம் என் அக்கா மகன். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் ஒரு பூக்கடையில் வேலை. விடியற்காலையில் பூ எடுத்து வந்து, கட்டுகிறவர்களுக்கும் கோயில்களுக்கும் கொடுத்துவிட்டு வருவான். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் தானே பூ எடுத்து விற்கலாம் என்பது அவன் கணக்கு. வாடகை வேனுக்குக் கொடுத்தே அவன் சம்பாத்தியம் கரைந்துகொண்டிருந்தது. மூவாயிரத்துச் சொச்சம் வெள்ளி சேர்த்து வைத்திருந்தான். "மாமா, தாத்தா காடியை எடுத்து ஓட்டலாமா?" என்று என்னைக் கேட்டான். பெரியம்மாவிடம் தொலைபேசியில் கேட்டோம். "இரும்புக்காரனுக்குக் குடுக்காம வச்சிருந்தது அதுக்குத்தானேடா" என்றார்.

இங்கே ஒரு சிறு விஷயம். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் பெயரைத்தான் பழைய பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று தாங்கி நிற்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் நடுத்தெருவுக்கு வந்த நாளில், 1960-ல், தொழிலாளர்கள் பணத்தைத் திரட்டித் தோட்டம் வாங்கத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். வண்டி புறப்பட்ட ஊரும் போய்ச் சேரவேண்டிய சாலையும் ஒருவரையே நினைவூட்டுவதை வழியெல்லாம் என் மருமகனிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. வாத்தியார்களுக்கு இது பழகிப்போன ஒன்று.

வண்டி கிளம்பவில்லை. ஐந்து வருடம் நின்ற வண்டி கிளம்பாது. கிள்ளானில் எங்களுக்குத் தெரிந்த ஒரு போர்மன் இருந்தார். பழைய டாட்சன் என்றால் அவருக்குத் தூக்கத்தில்கூட ஆணி எங்கே இருக்கிறது என்று தெரியும். "இங்கே கொண்டுவந்து சேருங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஏறக்குறைய 250 கிலோமீட்டர். 2017 டிசம்பர் பள்ளி விடுமுறையில், மலிவாகப் பேசி ஒரு இழுவை லோரியை அமர்த்தினோம். எழுநூறு வெள்ளி. வண்டி முழுவதையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் தட்டு லோரிக்கு ஆயிரத்துக்கு மேல் கேட்டார்கள். அந்த வித்தியாசத்தில்தான் நாங்கள் விழுந்தோம்.

வண்டியை இழுப்பதில் எத்தனை வகை என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கயிறு கட்டி இழுப்பது பழைய தோட்டத்து முறை. டிராக்டரைச் சேற்றிலிருந்து எடுக்க அது போதும். பெருஞ்சாலைக்கு அது எமன். எஞ்சின் ஓடாத வண்டியில் பிரேக்கை மிதித்தால் கல்லை மிதிப்பது போல இருக்கும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டி என்றால் வளைப்பதற்கு இரண்டு ஆள் பலம் வேண்டும். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். முன்னால் போகிறவர் சட்டென்று நிறுத்தினால் பின்னால் இருப்பவர் நேரே போய் மோதவேண்டியதுதான்.

இரண்டாவது, ஒரு பக்கத்து இரண்டு சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு மறுபக்கத்து இரண்டையும் சாலையில் உருளவிட்டு இழுப்பது. நம் ஊர் இழுவை லோரிகள் பெரும்பாலும் செய்வது இதைத்தான். அமெரிக்கா போன்ற நாடுகளில் வீடு மாறுகிறவர்கள் 'டோ டோலி' என்று ஒரு சின்ன இரண்டு சக்கரத் தட்டை வாடகைக்கு எடுத்து, அதில் காரின் முன் சக்கரங்களை ஏற்றி வாரால் கட்டி, தங்கள் லோரிக்குப் பின்னால் மாட்டி மாநிலம் விட்டு மாநிலம் இழுத்துப் போவார்கள். பெயர் வேறானாலும் சங்கதி ஒன்றுதான்: இரண்டு சக்கரம் மேலே, இரண்டு சக்கரம் தரையில். டோலி என்றால் நம் பாட்டிமாருக்கு நான்கு பேர் சுமக்கும் பல்லக்கு நினைவுக்கு வரும். அந்தப் பல்லக்கில் உட்கார்ந்தவர் கால் தரையில் இழுபடாது. இந்த டோலியில் பாதி உடம்பு தரையில் இழுபடும். விவகாரமே அங்கேதான்.

தரையில் உருளும் அந்த இரண்டு சக்கரங்கள் எவை என்பதுதான் கேள்வி. புரோட்டான் சாகா, கஞ்சில், மைவி முதலிய கார்களுக்கு எஞ்சின் முன்னால் இருந்து முன் சக்கரங்களையே சுழற்றுகிறது. முன்பக்கத்தைத் தூக்கிவிட்டால் பின் சக்கரங்கள் கைவண்டிச் சக்கரம் போலச் சும்மா உருளும். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டால் போதும், ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் எங்கள் டாட்சன் போன்ற பழைய பிக்கப்புகள், பழைய வேன்கள், லோரிகள் எல்லாவற்றுக்கும் பின் சக்கரங்கள்தான் ஓட்டுச் சக்கரங்கள். எஞ்சினிலிருந்து கியர் பெட்டிக்கும், கியர் பெட்டியிலிருந்து ஒரு நீளமான ஷாப்ட் வழியாகப் பின்னச்சுக்கும் இணைப்பு இருக்கிறது. முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கும்போது பின் சக்கரம் உருள, அது ஷாப்ட்டைச் சுற்ற, ஷாப்ட் கியர் பெட்டிக்குள் இருக்கும் தண்டைச் சுற்றிக்கொண்டே வரும்.

'நியூட்ரலில்தானே இருக்கிறது, சுற்றினால் என்ன?' என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். லோரிக்காரரும் அப்படித்தான் சொன்னார். வீட்டில் குழம்புச் சட்டியைப் பாருங்கள். எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிக் கிடந்தால், கரண்டியால் அள்ளி ஊற்றினால்தான் மற்ற பக்கம் வேகும். கியர் பெட்டியிலும் எண்ணெய் அடியில்தான் கிடக்கும். எஞ்சின் ஓடும்போது அடியிலுள்ள பல் சக்கரங்கள் சுழன்று எண்ணெயை அள்ளி மேலே தெளிக்கும். அவைதான் கரண்டி. எஞ்சின் நின்றுவிட்டால் நியூட்ரலில் அந்தக் கரண்டி அசையாது. ஆனால் மேல் தண்டு மட்டும் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்துக்குத் தகுந்தபடி வறட்சியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் மெதுவாகப் போனால் தாங்கும். 250 கிலோமீட்டர் தாங்குமா? ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இன்னும் மோசம். அதில் எண்ணெயை அனுப்பும் பம்பே எஞ்சின் ஓடினால்தான் ஓடும்.

காலை பத்து மணிக்குப் புறப்பட்டோம். பெரியம்மா வண்டியின் முன்னால் எலுமிச்சம் பழம் வைத்து, பின்னால் ஒரு குலை வாழைக்காயும் ஒரு சாக்குத் தேங்காயும் ஏற்றிவிட்டார். இழுக்கும் வண்டியில் சுமை ஏற்றக்கூடாது என்பதும் அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றார். எங்களைச் சொன்னாரா வண்டியைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஈப்போவில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினோம். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் போகும் இந்தச் சாலை 1994 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன் இதே பயணத்தைப் பெரியப்பா பழைய சாலையில் கம்பார், தாப்பா, பீடோர், தஞ்சோங் மாலிம் என்று ஒவ்வொரு பட்டணத்திலும் நின்று நின்று போயிருக்கிறார். நானும் மருமகனும் பின்னால் காரில் தொடர்ந்தோம். கோப்பேங் தாண்டிக் குவா தெம்புருங் ஏற்றத்தில் லோரி முக்கியது. இறக்கத்தில் டாட்சனின் பின்பக்கம் லேசாக வாலாட்டியது. முன்னால் இழுப்பது மெதுவாகப் போனால் வாலாட்டாது. வேகம் கூடக் கூடத்தான் ஆட்டம். விளக்கை அடித்துக் காட்டினேன். லோரிக்காரர் கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

சிறிது நேரத்தில் எங்கள் கார்க் கண்ணாடியில் பொட்டுப் பொட்டாக ஏதோ விழுந்தது. மழை என்று மருமகன் வைப்பரைப் போட்டான். கண்ணாடி முழுக்க எண்ணெய் அப்பிக்கொண்டது! கண் தெரியவில்லை. ஹாரனை விடாமல் அழுத்தி, எப்படியோ தாப்பா ஓய்விடத்துக்குள் எல்லோரும் வந்து சேர்ந்தோம். டாட்சன் அடியிலிருந்து கருகிய நாற்றம் வந்தது. கியர் பெட்டியின் வால் பக்கத்தில் கையை வைக்க முடியவில்லை. முன்பக்கம் மேலே தூக்கியிருந்ததால் எண்ணெயெல்லாம் வாலுக்கு ஒதுங்கி, ஐந்து வருடத்தில் காய்ந்துபோன சீல் வழியாக ஒழுகியிருக்கிறது. இருந்த கொஞ்ச எண்ணெயும் போன பிறகு வெறும் இரும்போடு இரும்பு தேய்ந்திருக்கிறது.

பக்கத்தில் லோரியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் எழுந்து வந்தார். குனிந்து ஒரு பார்வை பார்த்தார். எங்கள் லோரிக்காரரைப் பார்த்து, "ஷாப்ட் சுடா பூக்கா?" என்றார். ஷாப்ட்டைக் கழற்றினாயா என்று அர்த்தம். லோரிக்காரர் நியூட்ரல், நியூட்ரல் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுச் சிகரெட் பற்றவைக்கப் போய்விட்டார். பெரியவர் தன் லோரியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து விரித்து, வேட்டி சட்டை பார்க்காத நம் ஊர்ப் பெரிசுகள் போல அப்படியே மல்லாந்து அடியில் நுழைந்தார். பின்னச்சோடு ஷாப்ட் சேரும் இடத்தில் நான்கு போல்ட்டுகள். கழற்றுமுன் இரண்டு பக்கமும் சேர்த்து ஆணியால் ஒரு கோடு கீறினார். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் மாட்டாவிட்டால் வண்டி அதிரும் என்றார். ஷாப்ட்டைப் பின்னால் இழுத்து உருவி எடுத்ததும், கியர் பெட்டியின் திறந்த வாயில் ஒரு பிளாஸ்டிக் பையை மடித்துச் செருகி, கம்பியால் சுற்றி முறுக்கினார். அரை மணி நேர வேலை. காசு கொடுத்தேன். வாங்கவில்லை. வாழைக்காயில் பாதியைக் கொடுத்தோம், சிரித்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

இதற்கு இன்னொரு வழியும் உண்டு. நல்ல இழுவை லோரிக்காரர்கள் சிறு சக்கரங்கள் வைத்த ஒரு ஜோடித் தட்டு வைத்திருப்பார்கள். தரையில் உருளவேண்டிய சக்கரங்களின் அடியில் அதைக் கொடுத்துவிட்டால் வண்டியின் நான்கு சக்கரங்களும் தரையைத் தொடாது. அவர்கள் இதைத்தான் டோலி என்கிறார்கள். அல்லது வண்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தூக்கலாம். அப்படித் தூக்கினால் முன் சக்கரங்கள் கோணாமல் ஸ்டியரிங்கை நேராக வைத்துக் கட்டவேண்டும். நான்கு சக்கரமும் ஓட்டுகிற புது பிக்கப்புகளுக்குத் தட்டு லோரிதான் சரி.

தாப்பாவிலிருந்து மெதுவாகவே வரச்சொன்னோம். தஞ்சோங் மாலிம், ராவாங், சுங்கை பூலோ. அங்கிருந்து புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையில் திரும்பி, புக்கிட் ராஜாவில் இறங்கும்போது இருட்டிவிட்டது. பெரியம்மா மூன்று தடவை போன் பண்ணியிருந்தார். மருமகன் எடுத்து, "ஒண்ணும் ஆகல பாட்டி, நல்லபடியா வந்துட்டோம்" என்றான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் போர்மன் கியர் பெட்டியைப் பிரித்தார். பேரிங்குகள் கரிக்கட்டையாக இருந்தன. இரண்டு பல் சக்கரங்கள் நீலம் பாய்ந்திருந்தன. "எஞ்சினுக்கு நான் எண்ணூறு வெள்ளியில் உயிர் கொடுத்திருப்பேன். நீங்கள் நல்லா இருந்ததைச் சாகடிச்சிட்டுக் கொண்டுவந்திருக்கீங்க" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார், அதனால்தான் அதிகம் வலித்தது. மருமகன் சேர்த்த மூவாயிரத்தில் கியர் பெட்டிக்கே ஆயிரத்து இருநூறு போயிற்று. அதுவும் புதிது அல்ல. புதிது எங்கே கிடைக்கிறது? பழைய வண்டிகளைப் பாதியாக அறுத்துச் சாமான் விற்கும் 'ஹாப் கட்' கடைகளில் இரண்டு வாரம் அலைந்து எடுத்தது. லோரிக்காரரிடம் கேட்டோம். "பழைய காடி, நான் என்ன பண்ணுவேன்" என்றார். எழுத்தில் ஒன்றும் வாங்கவில்லை. யாரிடம் போய் முறையிடுவது?

ஆகவே இழுவை லோரியை அமர்த்துமுன் நான்கு வார்த்தை கேட்டுவிடுங்கள். எதைத் தூக்கப் போகிறீர்கள்? ஷாப்ட்டைக் கழற்றுவீர்களா, டோலி இருக்கிறதா? டோலோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு? வழியில் கெட்டால் யார் பொறுப்பு? பதிலை ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துவையுங்கள். புறப்பட்டுச் சில கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி வாரையும் சங்கிலியையும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டியது முதலில் தளர்வது அப்போதுதான். நின்றே கிடந்த வண்டியின் டயர் வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே வெடித்திருக்கும். அதையும் பாருங்கள்.

நெடுஞ்சாலையில் கெட்டு நின்றவர்களைச் சூழ்ந்துகொள்ளும் ஆட்களும் உண்டு. நாம் கூப்பிடாமலே வருவார்கள்; சங்கிலியை மாட்டிவிட்டுப் பிறகு விலை சொல்வார்கள். சாவியைக் கொடுக்காதீர்கள். எந்தத் தாளிலும் கையெழுத்து வேண்டாம். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை என்றால் 1800-88-0000 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கார் போன்ற சிறு வண்டிகளை அருகிலுள்ள டோல் அல்லது ஓய்விடம்வரை இலவசமாக இழுத்துப்போய் விடுவார்கள். உங்கள் இன்சூரன்சில் இழுவைச் செலவு சேர்ந்திருக்கிறதா, எத்தனை கிலோமீட்டர் என்று இன்றைக்கே பார்த்துவையுங்கள். உதவி வரும்வரை பிள்ளைகளை வண்டிக்குள் உட்கார வைக்காதீர்கள். இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். அவசரப் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் வரும் வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல.

இழுவை லோரிக்காரர்கள் எல்லோரையும் குறை சொல்லவில்லை. 1916-ல் அமெரிக்காவில் சட்டனூகா என்ற ஊரில் எர்னஸ்ட் ஹோம்ஸ் என்ற பட்டறைக்காரர், ஓடையில் விழுந்த ஒரு காரைக் கயிறும் கட்டையும் ஆட்களுமாக எட்டு மணி நேரம் போராடி எடுத்தாராம். அந்த அலுப்பில்தான் ஒரு பழைய காடிலாக் காரின்மேல் தூக்கியைப் பொருத்தி முதல் இழுவை வண்டியைச் செய்தார் என்று சொல்வார்கள். அந்த ஊரில் இப்போது இழுவை வண்டிகளுக்கு ஒரு காட்சியகமே இருக்கிறது. சாலையோரத்தில் பிறர் வண்டியைத் தூக்கும்போது அடிபட்டு இறந்த தொழிலாளர்களின் பெயர்களைப் பொறித்த ஒரு சுவரும் அங்கே உண்டு. தாப்பாவில் அட்டை விரித்துப் படுத்த அந்தப் பெரியவரின் பெயரை நான் கேட்கவே இல்லை.

டாட்சன் மறு வருடம் புஸ்பாகோம் பரிசோதனையில் ஒரு தடவை தோற்று, மறு தடவை தேறியது. இப்போது காலை நான்கு மணிக்குக் கிள்ளானிலிருந்து பூ ஏற்றிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போகிறது. பெரியம்மா ஒரு தடவை வந்து அதில் ஏறிக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைவரை போய்வந்தார். கியர் மாற்றும்போது சத்தம் வேறு மாதிரி இருக்கிறதே என்று கேட்டார். மருமகன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.